மலர்வளையம் எடுத்துப்போன வெள்ளிக்கிழமை

எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதனால் ஒன்பதாம் வகுப்பு படித்த காலத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று பள்ளிக்கூடம் போவது. இன்னொன்று, போன் வந்தால் தெருவில் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவது. சம்பளம் இல்லாத அந்த இரண்டாவது வேலையில்தான் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லித் திருப்போரூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் எங்களைக் கொண்டுவந்து வைத்தார். கிடைக்க ஆறு வருடம் ஆனது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் பேச்சைக் கேட்டுத் தெரு சிரிக்கும், தெருவின் பேச்சைக் கேட்டு அம்மா உள்ளே வந்து சிரிப்பாள். போன் வந்ததும் இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கி எங்களுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஏழெட்டு வீட்டுக்காரர்கள் எங்கள் நம்பரைத் தங்கள் சொந்தபந்தங்களுக்குக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொண்டார்கள். தங்கள் வீட்டில் போன் இல்லை, இது பக்கத்து வீட்டு நம்பர் என்று அதற்கு அர்த்தம். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட எங்கள் நம்பர் அப்படி அச்சாகியிருக்கிறது.

அதற்கு ஒரு முறை உண்டு. போன் செய்கிறவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் மறுபடியும் போடுகிறேன் என்று வைத்துவிடுவார். வெளியூர் போனுக்கு ஆகிற காசு அப்படி. நான் ஓடுவேன். அந்த வீட்டு ஆள் வந்து எங்கள் முன்னறை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, துணி உறை போட்ட போனையே பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடிக்கும்.

எதிர்வீட்டு அத்தைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவர். மாமா எந்த ஊரிலிருந்து பேசினாலும் முதலில் என் குரலைக் கேட்டதும், "இன்னாம்மா, நல்லா படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடச் சொல்வார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்துவேன். அத்தை முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வருவார். போனில் அவர் பார்க்கவா போகிறார் என்று அம்மா கிண்டல் செய்தால், "அவரு பாக்கல, நான் பாக்கறேன்ல?" என்பார். அவர் மகள் என் வகுப்புத்தான், என் பெஞ்சுதான். இந்தக் கதையில் எனக்கு அடுத்தபடியாக வருகிற ஆள் அவள்தான்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோனது. டிவியில் தினமும் கொடி போர்த்திய பெட்டிகளைக் காட்டினார்கள். அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, "அவரு துப்பாக்கி புடிக்கிறவரு இல்ல, லாரிதான் ஓட்றாரு" என்று எங்களுக்குச் சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார். அம்மா தலையாட்டுவாள்.

ஜூன் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கத்து கிராமம் ஒன்றுக்கு ஒரு பெட்டி வந்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவில் கதை கதையாகச் சொன்னார்கள். அந்த வீட்டிலும் போன் கிடையாதாம், பக்கத்து வீட்டுக்குத்தான் வந்ததாம். எப்போதும் பேசுகிற குரல் இல்லையாம். வேறு யாரோ ஒருவர், அவர் வீட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றாராம். இதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டு மணி அடித்தால் எனக்குப் பயம். முன்னெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு ஓடிப்போய் எடுத்தவள், தம்பியைத் தள்ளிவிட்டு எடுக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் மகாபலிபுரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று தடவை போய் அதே யானையைப் பார்த்து அதே நோட்டில் அதே கட்டுரையை எழுதியிருந்தோம். அந்த வருடம் சோஷியல் டீச்சர், சென்னையில் கடற்கரையோரம் இருக்கிற போர் நினைவுச் சின்னத்துக்குப் போகலாம் என்றார். நாட்டுப்பற்று பொங்கிய காலம் அது. வகுப்பே கைதட்டியது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "நம்ம வகுப்பிலேயே ஒரு ராணுவ வீரரோட பொண்ணு இருக்கா. அவதான் மலர்வளையம் வைக்கணும்" என்றார். மறுபடியும் கைதட்டினார்கள். என் தோழி எழுந்து நின்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குக் கை தட்ட வரவில்லை.

அத்தை பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், வெள்ளிக்கெழமையும் அதுவுமா எம் பொண்ணு கையால மலர்வளையம் வெக்கச் சொல்றீங்க? அவங்க அப்பா அங்க சண்டையில கீறாரு."

டீச்சர் அரைமணி நேரம் விளக்கினார். இது சாவுக்கு வைக்கிற மாதிரி இல்லை, மரியாதை என்றார். பெரிய பெரிய தலைவர்களெல்லாம் வைக்கிறார்கள் என்றார். அத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மகள் அழுது சாதித்துவிட்டாள். "சரி வெச்சிட்டு வா. ஆனா அது நம்ம வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

கோயில் வாசலில் மாலை கட்டுகிறவரிடம் டீச்சர் மலர்வளையம் கேட்டபோது அவர், "எந்தத் தெருவுல சாவு?" என்று கேட்டாராம். டீச்சரே அதை வகுப்பில் சொல்லிச் சிரித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அது தயாராகிவிட்டது. சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து நன்றாகத்தான் கட்டியிருந்தார். எதிர்வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லைதான். ஆனால் படித்த குடும்பம் என்று பெயர் வாங்கியாயிற்று, வேறு வழியில்லை. தண்ணீர் தெளித்து முன்னறையில் ஒரு ஸ்டூலில் வைத்தாள். போனுக்கு நேர் கீழே.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். அம்மா பின்னால் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தம்பி தூங்கினான். நான் யூனிபாரம் போட்டுக்கொண்டு ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுக்க ஆளில்லை. மலர்வளையத்துக்கு மேலே குனிந்து நான்தான் எடுத்தேன்.

"எதிர்வூட்ல டிரைவர் சார் பேமிலி இருக்காங்களா?"

ஆண் குரல். தமிழ்தான், ஆனால் மாமாவின் குரல் இல்லை.

"நீங்க யாரு?"

"அவரு கூட இருக்கறவம்மா. அவங்க வீட்டம்மாவ கொஞ்சம் சீக்கிரமா கூப்புடு. பத்து நிமிஷத்துல போடறேன்."

"மாமா எங்க?"

அதற்குள் வைத்துவிட்டார். பின்னாலிருந்து அம்மா, "ஏட்டி, யாருட்டி காலங்காத்தால?" என்று சத்தம் போட்டாள்.

"ராங் நம்பர்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு ஓடினேன், கூப்பிடத்தான் ஓடினேன். அதைக் கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தேன். கதவு திறந்திருந்தது. வாசல்படியில் என் தோழி உட்கார்ந்திருக்க, அத்தை அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார். வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். தலைநிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தார்.

"அத்தை, போன்" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. நூறு தடவை கத்தியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. நான் சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும், அந்தப் பூவை யாராவது எடுத்துவிடுவார்கள். நான் சொல்லாதவரைக்கும் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிமூன்று வயது மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடியும் அடிக்கும். இந்தத் தடவை அம்மா எடுப்பாள், அல்லது அப்பா எடுப்பார். நான் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். துணி உறையை இழுத்து இரண்டையும் சேர்த்து மூடினேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா போனைத் தொடுகிற வழக்கமே இல்லை. அப்பா குளித்து முடித்து, சாப்பிட்டு, ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆறரை மணிக்கு என் தோழி வந்தாள். மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அத்தை வாசலில் நின்று, "பாத்து போயிட்டு வாங்க. பஸ்ல கையி வெளிய நீட்டாதீங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. மலர்வளையம் சுமக்கிற பொறுப்பில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது சீட்டில், மடிமேல் மலர்வளையம். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் என் பாவாடையை நனைத்தது. கேளம்பாக்கம் தாண்டியது, நாவலூர் தாண்டியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்கு அந்த போன் அடிக்கிற மாதிரியே இருந்தது. அடிக்காது, அடிக்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடையாறு வருவதற்குள் ஜன்னல் வழியாக ஒரு தடவை வாந்தி எடுத்தேன். அவள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். யார் யாருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய நாள் அது!

நினைவுச் சின்னம் நான் நினைத்த மாதிரி இல்லை. பீரங்கி, துப்பாக்கி எல்லாம் இருக்கும் என்று பையன்கள் கதை விட்டிருந்தார்கள். வெயிலில் வெள்ளையாக, சுத்தமாக, சத்தமே இல்லாமல் இருந்தது. கடல் காற்று மட்டும் வீசியது. எந்தெந்தச் சண்டை, எந்தெந்த வருஷம் என்று கல்லில் வெட்டியிருந்ததை டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்து விளக்கினார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். என் கையெழுத்து அன்றைக்குக் கோழி கிளறிய மாதிரி இருந்தது.

பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். "இவளோட அப்பா இந்த நிமிஷம் நமக்காகப் போர்முனையில நிக்கிறார்" என்றார் டீச்சர். எனக்கு அழுகை முட்டியது. இந்த நிமிஷம் அவர் எங்கே இருக்கிறார் என்று டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் யாரோ ஒருவருக்குத் தெரியும். அவர் காலையிலிருந்து எங்கள் நம்பரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அவள் மலர்வளையத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனாள். கனம்தான், ஆனால் யாரையும் தொடவிடவில்லை. கீழே வைத்தாள். ரிப்பன் மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். இரண்டு அடி பின்னால் வந்து, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி விரலை விறைப்பாக வைத்து சல்யூட் அடித்தாள். கையை இறக்கவே இல்லை. டீச்சர் போய்த் தோளைத் தொட்டுத்தான் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிஷம் மௌனம் என்றார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் அந்தத் துணி உறை தெரிந்தது.

மௌனம் முடிந்து வகுப்பு கலைந்தது. அவள் மட்டும் கல்லைச் சுற்றி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். எழுத்து இல்லாத ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அங்கே காவலுக்கு இருந்த ஆளிடம் கேட்டாள்.

"இந்தச் சண்டையையும் இதுல எழுதுவாங்களா அண்ணா?"

"சண்ட முடியட்டும்மா. எழுதுவாங்க. எடம்தான் கீதே" என்றார் அவர். குழந்தை கேட்கிறது என்று அன்பாகத்தான் சொன்னார். அவள் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மரத்தடியில் எல்லாரும் புளிசாதத்தைப் பிரித்தார்கள். அத்தை கட்டிக்கொடுத்த பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கும் இறங்கவில்லை. என் வயிற்றுக்குக் காரணம் தெரியும், அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினேன். பயந்தவர்களுக்குத் தன் பயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு பயத்தின் முகமே மாறிவிட்டது. காலையில் செய்தியைத் தடுத்துவிட்டேன் என்று இருந்தது. இப்போது வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. ஒருவேளை மாமா உயிரோடு இருந்து, யாராவது உடனே வர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தால்? ஒருவேளை அவரே பேசத்தான் அந்த ஆளைப் போடச் சொல்லியிருந்தால்? இந்த எண்ணம் வந்த பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எப்படியாவது அம்மாவிடம் சொல்லி ரிசீவரை எடுத்து வைக்கச் செய்துவிட வேண்டும்.

திரும்பும்போது திருவான்மியூரில் டீச்சர்கள் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். வயிற்று வலி, வீட்டில் சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் புளுகிவிட்டு உள்ளே ஓடினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை எங்கள் நம்பர் சரியாகப் போனது.

எங்கேஜ்டு.

மறுபடியும் போட்டேன். எங்கேஜ்டு. பூத்காரர், "யாரோ பேசிக்கினு இருக்காங்கம்மா, கொஞ்ச நேரம் கழிச்சு போடு" என்றார். யாரும் பேசவில்லை. நான்தான் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் வீட்டுக்குள் நானே போக முடியாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தேன். காலையிலிருந்து அந்த ஆள் காதில் விழுந்துகொண்டிருக்கிற சத்தம் இதுதான் என்று அப்போது புரிந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. தெரு ஓரத்தில் நின்று அழுதேன். பஸ் ஹாரன் அடித்தது.

இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கேளம்பாக்கத்து உப்பளம் வந்தபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"காலைல ஒரு போன் வந்துது. உங்கப்பா இல்ல, வேற யாரோ. உங்கம்மாவைக் கூப்பிடச் சொன்னாங்க. நான் கூப்பிடல. ரிசீவர எடுத்து வச்சிட்டேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கேட்டாண்ட ஓடியாந்துட்டு அப்படியே திரும்பிப் போனியே. பாத்துகினுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவியே."

அவளே தொடர்ந்தாள். "எங்கம்மா பின்னிக்கினு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுந் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் சிரிச்சிகினு இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

"அப்ப அந்த மலர்வளையம்..."

"எங்கப்பாவுக்குத்தான் வெச்சேன்" என்றாள்.

நாள் முழுக்க நான் ஒருத்திதான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேனே, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் வாந்தியைத் துடைத்துவிட்டு, அப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பஸ் பஞ்சராக வேண்டும், நடுரோட்டில் நின்றுவிட வேண்டும், திருப்போரூர் வரவே கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டேன். டிரைவர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அன்றைக்கென்று விரட்டி ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தில் இறங்கி, குளத்தைச் சுற்றி நடந்தோம். ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. தெருமுனையில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. என் தம்பி மதில்மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வழிவிடுவதைப் போல பயங்கரமான காரியம் உலகத்தில் இல்லை.

அவள் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே போக மாட்டேன் என்கிறாள். காலை ஊன்றிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அத்தையின் அழுகை கேட்டது. சத்தமான அழுகை. பூ இல்லாத தலையோடு அத்தையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அம்மா வெளியே வந்து, "அப்பா வந்து பாத்தப்பந்தான்ட்டி தெரிஞ்சுது, ரிசீவர் வெலகிக் கெடந்துருக்கு. எடுத்து வச்ச பத்தாம் நிமிஷம் அடிக்கு" என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. அத்தை அழுதுகொண்டே "உம்... உம்..." என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு தெளிவாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்டீங்களா?"

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவரைத்தான் அப்படிக் கேட்க முடியும். அவள் பையைத் தரையில் போட்டாள். என் பக்கம் திரும்பி, பளார் என்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு, "அப்பா" என்று கத்தியபடி உள்ளே ஓடினாள். அந்த அறை எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாமாவின் லாரி போன சாலையில் குண்டு விழுந்திருக்கிறது. இடது கால் நசுங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். போன் செய்தவர் அந்த வார்டில் வேலை பார்த்த வேலூர்க்காரர். பாதிப் பேச்சும் பாதி மயக்கமுமாக சாயங்காலம் மாமா பேசியபோது கால் போய்விட்டிருந்தது.

அடுத்த வருடம் அவர் பென்ஷனோடு ஊருக்கு வந்துவிட்டார். செயற்கைக் கால் பழகியதும் கேளம்பாக்கத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ரிசீவர் எப்படி விலகிக் கிடந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் துருவவில்லை. தம்பி விளையாடித் தள்ளியிருப்பான் என்று அம்மாவே ஒரு முடிவுக்கு வந்து அவனுக்கு இரண்டு வைத்தாள். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு மாறுகிற சமயத்தில், மாமாவும் அவளும் எங்களை வழியனுப்ப வீட்டுக்கு வந்தார்கள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். மாமா அந்த போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கி உங்க போன் இன்னாமா ஆச்சு? அந்த வேலூர் பையன் ஆபரேசனுக்கு இட்டுகினு போற வரைக்கும் போட்டுகினே இருந்தான். காலு போறதுக்கு முன்னாடி ஒரு தபா உங்க அத்தை கொரல கேட்டுடலாம்னு பாத்தேன். பயம்மா இருந்துச்சு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, பழைய கதையைச் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள், ராணுவத்துக்காரர், பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். அந்தக் காலையில் நான் பயந்தேன், அவள் பயந்தாள், அவரும் பயந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்காவது பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"லைன் ரிப்பேருப்பா" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்டியா" என்று மாமா காப்பியைக் குடித்தார்.